வளைகத்தி தீட்டுவது: வளைவு கெடாமல் கூர் ஏற்ற ஒரு தொடக்க விளக்கம்

வளைகத்தி மழுங்கிவிட்டது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு யோசனை வரும். சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துவிடு என்பார் ஒருவர். உருண்டை அரம் வாங்கி உள்பக்கம் நாலு இழுப்பு இழு என்பார் இன்னொருவர். வளைந்த கத்தியை எல்லாம் வீட்டில் தீட்ட முடியாது, புதுசு வாங்கிக்கொள் என்பார் மூன்றாமவர். எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் முதல் இரண்டும் கத்தியைக் கெடுக்கும், மூன்றாவது தேவையில்லாத செலவு. வளைகத்தியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே நன்றாகத் தீட்டலாம், அதற்கு வேண்டிய பொருள்கள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கூர் என்றால் என்ன, வளைவு வந்தால் அதில் என்ன மாறுகிறது என்ற இரண்டு மட்டும் முதலில் புரிய வேண்டும்.

வளைகத்தி என்று இங்கே சொல்வது மரக்கரண்டி, அகப்பை, சின்னக் கிண்ணம் இவற்றின் குழியைத் தோண்டுகிற கத்தியை. கைப்பிடியிலிருந்து நேராகப் புறப்பட்டு நுனிப்பக்கம் கொக்கியாகத் திரும்பும். ஆசாரிமார் கையில் இருக்கும் நகவுளிக்கும் இதே விதிகள்தான், சின்ன வித்தியாசத்தோடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இது புதிது இல்லை

வளைந்த வாயை, அதாவது கத்தியின் வெட்டும் விளிம்பைத் தீட்டுவது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைப்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படி நினைக்கத் தேவையில்லை. பனையேறிகள் பாளை சீவும் அருவாளைத் தீட்டுவதைப் பார்த்திருந்தால் பாதி பாடம் முடிந்தது. ஒரு கட்டையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி, அருவாளை அதில் படுக்க வைத்து, வாய் பின்தங்கி வரும்படி இழுப்பார்கள். வாய் கட்டைக்குள் இறங்குகிற திசையில் ஒருபோதும் தள்ளமாட்டார்கள். பாளையை மெல்லிசாகச் சீவினால்தான் பதனீர் ஊறும், மழுங்கின அருவாள் பாளை நுனியை நசுக்கிவிடும், ஊற்று குறைந்துபோகும். அதனால் தீட்டுவது அவர்களுக்குத் தினசரி வேலை.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கையில் இருக்கும் கத்தியும் அப்படித்தான். அதன் வாய் நேராக இருக்காது, மடிந்து திரும்பும். பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், ஆனால் உள்ளே மரம் வளர்கிற மெல்லிய படலத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. இவ்வளவு நுணுக்கமான வேலை செய்கிற கத்தியை யாரும் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை, சின்ன நயமான கல்லைக் கையில் பிடித்துக் கத்தியின் மேல் ஓட்டுகிறார்கள். கத்தி நிற்கிறது, கல் நகர்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வளைகத்திக்கு இதுதான் அடிப்படை.

கூர் என்றால் என்ன?

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிவாக ஏறிவந்து மேலே ஒரு கோட்டில் சந்திக்கின்றன, அதை முகடு என்கிறோம். கத்தியின் வாயும் அதே அமைப்புதான். இரண்டு பரப்புகள் சாய்ந்து வந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடு எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு கூர். வாயை நோக்கி இறங்கும் சாய்ந்த பரப்புக்குச் சரிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம், இனி கட்டுரை முழுக்க அதுதான்.

வளைகத்திகள் பலவற்றில் இரண்டு பக்கமும் சரிவு இருக்காது. வளைவின் வெளிப்பக்கம் மட்டும் சரிவு, உள்பக்கம் முதுகிலிருந்து (வாய்க்கு எதிர் விளிம்பு) வாய் வரை ஒரே மட்டம். வீட்டோடு ஒட்டி இறக்கும் சாய்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கூரை. சுவரும் கூரையும் சந்திக்கும் இடம்தான் வாய்.

சரி, மழுங்குவது என்றால்? முகடு தேய்ந்து தட்டையாவது, அவ்வளவுதான். மரத்தில் உரசி உரசி அந்தக் கோடு மெல்ல உருண்டுபோகிறது, சில இடத்தில் மடங்குகிறது, சில இடத்தில் துணுக்காக உதிர்கிறது. தேக்கு மரத்தில் சிலிக்கா உண்டு, நல்ல கத்தியையும் அது சீக்கிரம் மழுக்கும். சிரட்டையும் அப்படித்தான், மரம் செதுக்குகிற கத்தியால் சிரட்டையைச் சுரண்டாதீர்கள்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. வெயிலிலோ விளக்கடியிலோ வாயை நேராக உங்களைப் பார்க்கும்படி பிடித்து மெல்ல அசையுங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது, ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே இடமே இல்லை. மழுங்கின இடம் வெள்ளையாக மின்னும், அது தேய்ந்த முகட்டின் தட்டை.

தேய்ந்த முகட்டில் இரும்பை ஒட்டவைக்க முடியாது. சரிவைத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு பரப்பும் மறுபடி ஒரு கோட்டில் சந்திக்கும் வரை இறக்க வேண்டும். தீட்டுவது என்பது இதுதான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கத்தி ஒரு துளி சின்னதாகிறது, அதனால் தேவைக்கு மேல் தேய்ப்பது கத்தியின் ஆயுளைக் குறைப்பது.

இதுவரை பார்த்தது: கூர் என்பது இரண்டு பரப்பு சந்திக்கும் கோடு, மழுங்கல் என்பது அந்தக் கோடு தட்டையாவது, தீட்டல் என்பது சரிவைத் தேய்த்து அந்தக் கோட்டை மறுபடி வரவைப்பது.

வளைவு வந்தால் என்ன சிக்கல்?

நேர்க்கத்தியைத் தட்டைக் கல்லில் வைத்தால் சரிவு முழுக்கக் கல்லில் படிகிறது. வளைகத்தியின் வெளிப்பக்கத்தை வைத்தால் ஒரு சின்ன இடம் மட்டும்தான் படியும், மற்ற இடமெல்லாம் கல்லைவிட்டு விலகி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே போக வேண்டும், உருட்டும்போது கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அடிக்கடி இப்படித் தீட்டினால் வளைவு சீராக இருக்காது, அங்கங்கே தட்டை விழுந்து மூலை மூலையாகிவிடும்.

உள்பக்கம் இன்னும் மோசம். குழிந்த பரப்புக்குள் தட்டைக் கல் போகவே போகாது. பேப்பர் சுற்றிய உருண்டைக் குச்சி ஒன்று வேண்டும், அதுவும் வளைவைவிடக் கொஞ்சம் சின்ன உருண்டையாக. பெரிதாக இருந்தால் குழிக்குள் இறங்காமல் இரண்டு ஓரத்தில் மட்டும் உரசும். ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே பள்ளம் பறிக்கும்.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. உள்பக்கத்தைத் தேய்க்கும்போது வாய்க்குச் சீக்கிரம் கூர் வரட்டும் என்று குச்சியை லேசாகத் தூக்கி வாயோரம் மட்டும் தேய்ப்பார்கள். கூர் வந்ததுபோல்தான் இருக்கும். ஆனால் சுவர் மட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு குட்டிச் சரிவு விழுந்துவிட்டது. அதற்கப்புறம் கத்தி மரத்தின் மேல் வழுக்கும், கைப்பிடியை வழக்கத்தைவிடத் தூக்கினால்தான் கடிக்கும், குழியின் அடிப்பகுதி வழவழப்பாக வராது. கூர் இருக்கிறது, ஆனால் வெட்டவில்லை என்று புலம்புகிறவர்கள் கத்தியை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். உள்பக்கம் எப்போதும் முதுகிலிருந்து வாய் வரை ஒரே மட்டம். குச்சி இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உருண்டை அரம் ஏன் வேண்டாம் என்பதும் இங்கே புரியும். அரத்தின் பல் ஆழமாகக் கீறும், அந்தக் கீறல்கள் வாய் வரைக்கும் போய் முகட்டையே பல்பல்லாக்கிவிடும். நல்ல பதம் ஏறின, அதாவது கடினமாக்கின கத்தியில் அரம் பிடிக்கவும் செய்யாது, வழுக்கிக்கொண்டு போய் வாயில்தான் இடிக்கும்.

பிசிறு: தீட்டுவது எப்போது முடிந்தது என்று சொல்லும் அடையாளம்

எவ்வளவு நேரம் தேய்ப்பது என்று கேட்பவர்களுக்கு நிமிடக் கணக்கு சொல்ல முடியாது. பிசிறு வரும் வரை என்பதுதான் பதில். வெளிச்சரிவைத் தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது உள்பக்கப் பரப்பைச் சந்தித்துவிடும். அதற்கு மேலும் தேய்த்தால் முனையில் இருக்கும் இரும்பு தாங்க ஆளில்லாமல் மறுபக்கம் மடங்கும். அப்படி மடங்கி நிற்கும் மெல்லிய இழைதான் பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலுக்குத் தெரியும்.

கட்டைவிரல் நுனியை உள்பக்கத்தில் முதுகோரம் வைத்து, வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெல்ல இழுங்கள், வாயின் நீளத்துக்கு ஓட்டக்கூடாது. பிசிறு இருந்தால் கடைசியில் லேசாகத் தட்டும், நகத்தில் மாட்டுகிற மாதிரி. கைப்பிடி பக்கத்திலிருந்து கொக்கி நுனி வரை எல்லா இடத்திலும் தட்டுகிறதா என்று பாருங்கள். வளைவின் நடுவில் வந்திருக்கும், நுனியில் வந்திருக்காது. நுனியில் வரவில்லை என்றால் அங்கே இரண்டு பரப்பும் இன்னும் சந்திக்கவில்லை, எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அந்த நுனி வெட்டாது.

பிசிறு வந்துவிட்டால் கூர் வந்துவிட்டது என்று நினைத்து நிறுத்துவதும் தப்பு. பிசிறோடு இருக்கிற கத்தி முதல் இரண்டு செதுக்குக்கு அபாரமாக வெட்டும், அப்புறம் அந்த இழை ஒடிந்து வாய் முன்பைவிட மொக்கையாகும். பிசிறை வரவைக்கவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும்.

பேப்பர் நம்பர்

உரசுகிற பொருளுக்கு வாட்டர் பேப்பர் போதும், விலை உயர்ந்த கல் எதுவும் வேண்டாம். பெயின்ட் கடையில் கேட்டால் கறுப்பாக, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாள் தருவார்கள். அதன் பின்பக்கம் இருக்கும் நம்பர் துகளின் அளவைச் சொல்கிறது. நம்பர் ஏற ஏறத் துகள் சின்னதாகும். 400 நம்பரில் துகள் ஏறத்தாழ 35 மைக்ரான், 1000 நம்பரில் 18, 2000 நம்பரில் 10. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் இருக்கும்.

பெரிய துகள் வேகமாக இரும்பை எடுக்கும், ஆழமான கீறலை விட்டுப்போகும். அடுத்த நம்பர் அந்தக் கீறலை அழித்துத் தன் சின்னக் கீறலைப் போடும். ஒவ்வொரு நம்பரின் வேலையும் முந்தின நம்பரின் கீறலை அழிப்பதுதான், அதனால் 400-லிருந்து ஒரே தாவாக 2000-க்குப் போனால் ஆழக் கீறல் அப்படியே கிடக்கும், மேலே மட்டும் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்துக் கூரை முடிவு செய்யாதீர்கள்.

வாய் உதிர்ந்திருந்தால் மட்டும் 400. சாதாரண மழுங்கலுக்கு 800-இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று போனால் போதும்.

வீட்டில் செய்வது

ஒரு அடி நீளத்தில் வழவழப்பான தட்டைக் கட்டை ஒன்று, உருண்டைக் குச்சி ஒன்று. உருண்டைக்கு மின்கம்பி இழுக்கும் பிவிசி குழாய் நன்றாக உதவும், 20 மில்லிமீட்டரிலும் 25 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது, உங்கள் கத்தியின் வளைவில் வைத்துப் பார்த்து இறங்குகிறதை எடுங்கள். கொக்கி நுனிப்பக்கம் வளைவு இறுக்கமாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் பிரஷ் கைப்பிடி மாதிரி மெலிந்துகொண்டே போகும் குச்சி ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பேப்பரை இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். தொளதொளவென்று இருந்தால் பேப்பர் எழும்பி வந்து வாயை உருட்டிவிடும்.

முதலில் மார்க்கர் பேனாவால் வெளிச்சரிவு முழுக்க மை பூசுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை பாருங்கள், மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் பேப்பர் பட்டிருக்கிறது. வாயோரம் மட்டும் போயிருந்தால் கட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். முதுகுப்பக்கம் மட்டும் போயிருந்தால் ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள். சரிவின் அகலம் முழுக்க ஒரே சீராகப் போனால் கோணம் சரி. செதுக்குகிற கத்திக்கு அந்தக் கோணம் 20-லிருந்து 25 டிகிரி வரை இருக்கும், ஆனால் நீங்கள் டிகிரி அளக்க வேண்டாம், கத்தி வரும்போதே அதில் கோணம் இருக்கிறது, மை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கைப்பிடியை மேசை விளிம்பில் அழுத்தி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கிளாம்ப் போடுங்கள். கட்டையைச் சரிவின் மேல் படுக்க வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கித் தள்ளிக் காற்றில் விடுங்கள். தள்ளிக்கொண்டே கட்டையை வளைவோடு திருப்பவும் வேண்டும், கைப்பிடி பக்கம் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி. விரல்கள் கட்டையின் கடைசியில் இருக்கட்டும், வாய்க்குப் பக்கத்தில் வரவே வேண்டாம். அழுத்தம் அதிகம் கொடுக்காதீர்கள், பேப்பர் தானாக வெட்டும். அவ்வப்போது தண்ணீர் தொட்டுத் துடைத்தால் தேய்ந்த இரும்புத் தூள் அடைக்காது.

உள்பக்கம் முழுக்கப் பிசிறு தட்டுகிற வரைக்கும் முதல் நம்பரை விடக்கூடாது. அது வந்த பிறகு உருண்டைக் குச்சியை உள்ளே படுக்க வைத்து, முதுகிலும் வாயிலும் ஒருசேரப் படிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, மெல்ல வெளியே தள்ளுங்கள். நாலைந்து தள்ளல் போதும், பிசிறு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அடுத்த நம்பருக்கு மாறி மறுபடி வெளிப்பக்கம், மறுபடி உள்பக்கம். நம்பர் ஏற ஏற அழுத்தம் குறையட்டும், பிசிறும் மெலிந்துகொண்டே வரும்.

சுருக்கம்: கத்தி அசையாது, குச்சி நகரும். எப்போதும் முதுகிலிருந்து வாய்க்கு. வெளிப்பக்கம் மை பார்த்து, உள்பக்கம் படுக்க வைத்து. பிசிறு முழு நீளத்துக்கும் வந்தால்தான் அடுத்த நம்பர்.

தோலில் தீட்டுவது

2000 நம்பர் முடித்த பிறகும் ஒரு மெல்லிய பிசிறு மிச்சம் இருக்கும், அதை எடுக்கத்தான் தோல். பழைய பெல்ட்டின் உள்பக்கத்தை ஒரு தட்டைக் கட்டையிலும் ஒரு உருண்டைக் குச்சியிலும் ஒட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் பச்சைக் கட்டி கிடைத்தால் அதைத் தோலில் தேய்த்துவிடுங்கள், துகள் அரை மைக்ரான் அளவுக்கு நயமாக இருக்கும். பனையேறிகளின் வெங்கச்சங்கல் பொடியும் இதே வேலையைத்தான் செய்கிறது, இரும்பைவிடக் கடினமான பொடி, அதைத் தாங்க ஒரு கட்டை. ஆனால் அந்தக் கல்லை வீட்டில் இடித்துப் பொடிக்காதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தோலில் வாயை முன்னால் விட்டால் தோல் வெட்டுப்படும், அதனால் இங்கேயும் முதுகிலிருந்து வாய்க்கு மட்டும். வெளியே பத்துப் பதினைந்து, உள்ளே அதில் பாதி. அழுத்தினால் தோல் அமுங்கி வாயைச் சுற்றி எழும்பும், எழும்பினால் முகட்டை உருட்டும், ஆகவே லேசாக.

வேலை செய்யும்போது அரைமணிக்கு ஒருமுறை தோலில் இழுத்துக்கொண்டால் பேப்பர் பக்கம் போக வேண்டிய தேவை ரொம்ப அரிதாகத்தான் வரும். என்னைக் கேட்டால் வளைகத்தி வைத்திருப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பழக்கம்தான் முக்கியம். முழுசாக மழுங்கவிட்டு அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து தேய்ப்பதைவிட, மழுங்கத் தொடங்கும் முன்பே தோலில் இழுப்பது கத்திக்கும் நல்லது, உங்கள் மணிக்கட்டுக்கும் நல்லது.

தீட்டியதைச் சோதிக்கக் கைமுடியை மழிக்க வேண்டாம். பச்சை ரப்பர் மரத்துண்டோ முருங்கைக் கிளையோ எடுத்து இழைக்குக் குறுக்கே ஒரு சீவு சீவுங்கள். மென்மையான மரம் மழுங்கின வாய்க்கு நசுங்கும், கூரான வாய்க்கு மட்டும்தான் மினுங்கும். வெட்டுப்பரப்பில் ஒரு வெள்ளைக்கோடு ஓடினால் வாயில் அந்த இடத்தில் ஒரு உதிர்வு மிச்சம் இருக்கிறது.

சாணைச் சக்கரம் ஏன் வேண்டாம்

சாணை பிடிக்கிறவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, வெட்டுகத்திக்கும் அரிவாளுக்கும் அவர்கள் வேலை அருமையானது. வளைகத்தி மெல்லிசு, அதுதான் பிரச்சினை. இரும்பைச் சூடாக்கிக் குளிர்வித்து, கடினமும் ஒடியாத தன்மையும் சேர்ந்திருக்கும்படி செய்வதைப் பதம் என்கிறோம். மெல்லிய வாய் சக்கரத்தில் பட்டால் ஒரு நொடியில் சூடேறும். 220 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது வைக்கோல் நிறம் வரும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் வரும். சாதாரண கார்பன் எஃகில் நீலம் ஏறின இடத்தில் பதம் போய்விட்டது, எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அதோடு தட்டைச் சக்கரத்தால் உள்பக்கத்தைத் தொட முடியாது, வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துத் தருவார்கள், வளைவின் உருவம் மாறிவிடும்.

நகவுளி

பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் (முன்வாசல் மண்டபம்) உட்கூரையை அண்ணாந்து பார்த்தால் மரத்தில் செதுக்கிய பூக்கள் தெரியும். இதழ்களில் அந்தக் குழிவு தட்டை உளியால் வராது, நகம் மாதிரி வளைந்த வாய் வேண்டும். நகவுளியில் அலகு நேராக இருக்கும், வாய் மட்டும் அரைவட்டமாக வளைந்திருக்கும். பெரும்பாலும் சரிவு வெளிப்பக்கம். அதனால் வெளியே தட்டைக் கல்லிலேயே தீட்டலாம், ஆனால் உளியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். நடுவில் அதிக நேரம் நின்றால் வாய் நடுவில் குழிந்து இரண்டு மூலையும் நீட்டிக்கொண்டு நிற்கும், மூலைகளில் அதிகம் நின்றால் அவை மழுங்கிப்போகும். உள்ளே உருண்டைக் குச்சியில் சுற்றின பேப்பரை மட்டமாக வைத்துப் பிசிறை மட்டும் எடுத்தால் போதும்.

பிசினும் துருவும்

மழுங்காத கத்தியை மழுங்கினதாக நினைத்துத் தீட்டுகிறவர்களும் உண்டு. பச்சைப் பலாவிலோ அயினியிலோ வேலை செய்தால் பிசின் வாயோரம் ஒட்டி, அதில் மரத்தூள் படிந்து, கத்தி இழுபடத் தொடங்கும். துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு முதுகிலிருந்து வாய்க்குத் துடைத்துப் பாருங்கள், பல சமயம் அதிலேயே பழையபடி வெட்டும்.

இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த ஊர் நம்முடையது, துரு சீக்கிரம் ஏறும். வாயில் ஏறும் துரு முகட்டைத்தான் முதலில் தின்னும், வேலையே செய்யாமல் கிடந்த கத்தி மழுங்கிப்போவது இப்படித்தான். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் கத்தியை அதற்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள்.

வாய் பெரிதாக உடைந்துபோனாலோ நீலம் ஏறிவிட்டாலோ வீட்டு வேலை போதாது, கொல்லுப்பட்டறைக்குத்தான் போக வேண்டும். கொடுக்கும்போது வெளிச்சரிவை மட்டும் இறக்கச் சொல்லுங்கள், உள்பக்கத்தைத் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, கடைசித் தீட்டலை வீட்டுக்குக் கொண்டுவந்து 800 நம்பரிலிருந்து நீங்களே செய்துகொள்ளுங்கள்.